வெதர்ஸ்டார்: பழைய பெட்டியை வாங்குவதா, சிமுலேட்டரே போதுமா?

அமெரிக்காவில் 90களில் கேபிள் டிவி பார்த்து வளர்ந்தவர்களிடம் 'தி வெதர் சேனல்' பற்றிப் பேச்செடுத்தால், அறிவிப்பாளர்களை விட அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நீலத் திரைதான். மேலே ஆரஞ்சுப் பட்டை, நடுவே கறுப்பு நிழல் விழுந்த எழுத்துகள், பின்னணியில் மெல்லிய ஜாஸ் இசை. யாரும் பேச மாட்டார்கள். தங்கள் ஊர் வெப்பநிலையும் காற்றும் மூன்று நாள் நிலவரமும் பக்கம் பக்கமாக வந்து போகும். அந்தத் திரையை உருவாக்கிய கணினிகளின் பெயர் வெதர்ஸ்டார். இன்று அதை வீட்டில் மறுபடி ஓடவிட ஆசைப்படுகிறவர்கள் பலர். ஏலத் தளங்களில் பெட்டிகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. அதே திரையை இன்றைய கணினியில் உருவாக்கிக் காட்டும் மென்பொருள்களான இலவசச் சிமுலேட்டர்களும் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சிமுலேட்டர்தான் சரி. போர்டைக் கழற்றிப் பார்க்கப் பயப்படாதவர்கள், அந்த நீலத் திரையைத் தந்த மாடலான வெதர்ஸ்டார் 4000 வாங்கலாம். மற்ற மாடல்கள் குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே. இந்த முடிவுக்குக் காரணம் பெட்டியின் வேகமோ நினைவகமோ இல்லை. அதற்குள் தரவு எங்கிருந்து வந்தது என்பதுதான் காரணம். அதைப் புரிந்துகொள்ளாமல் பெட்டியை வாங்கினால், காசும் ஆசையும் சேர்ந்தே வீணாகும்.

தி வெதர் சேனல் 1982 மே 2 அன்று அட்லாண்டாவிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. டிவி வானிலை அறிவிப்பாளர் ஜான் கோல்மனின் யோசனை. ஃபிராங்க் பேட்டனின் லேண்ட்மார்க் நிறுவனம் பணம் போட்டது. தொடங்கும்போதே ஒரு சிக்கல் இருந்தது. சாட்டிலைட்டிலிருந்து நாடு முழுவதற்கும் இறங்குவது ஒரே சிக்னல். ஆனால் பார்ப்பவருக்கு வேண்டியது அவர் ஊரின் மழை. மயாமியில் இருப்பவர் மினியாபொலிஸ் பனியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்?

இதற்கு அவர்கள் கண்ட வழி இன்றும் என்னை வியக்க வைக்கிறது. ஒவ்வொரு கேபிள் ஆபரேட்டரின் கட்டுப்பாட்டு அறையிலும் ஒரு கணினிப் பெட்டியை வைத்தார்கள். பழைய அனலாக் டிவி சிக்னலில், படத்தின் கடைசி வரியை வரைந்து முடித்த கதிர் மறுபடி மேலே ஏறுகிற இடைவெளியில் சில வரிகள் காலியாக இருக்கும். அவை திரையில் தெரியாது. அந்தக் காலி வரிகளில் நாட்டின் எல்லா ஊர்களுக்குமான வானிலைத் தகவலையும் ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முகவரி உண்டு. தனக்கு வந்ததை மட்டும் பொறுக்கிச் சேமித்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடும். அட்லாண்டாவிலிருந்து 'இப்போது காட்டு' என்ற கட்டளை வந்ததும் நாடெங்கும் உள்ள பெட்டிகள் ஒரே நேரத்தில் சேனலின் படத்தை மறைத்துவிட்டுத் தங்கள் ஊர்ப் பக்கங்களைக் காட்டும். பிற்காலத்தில் இது 8, 18, 28 என்று எட்டில் முடியும் நிமிடங்களில் வருவது வழக்கமாகி, அதுவே நிகழ்ச்சியின் பெயராகவும் ஆனது. அமெரிக்க அரசின் தேசிய வானிலைச் சேவை ஒரு கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற பகுதி) சூறாவளி எச்சரிக்கை விடுத்தால், அந்தக் கவுண்டியின் பெட்டிகளில் மட்டும் திரையின் அடியில் சிவப்புப் பட்டை ஓடும். பக்கத்துக் கவுண்டிக்காரர் வழக்கம்போல நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதாவது வெதர்ஸ்டார் ஒரு முழு இயந்திரம் இல்லை, பாதிதான். மறுபாதி அட்லாண்டாவில் இருந்தது. 2014-ல் அனலாக் சாட்டிலைட் ஒளிபரப்பு நின்றதும் 4000 போன்ற பழைய பெட்டிகள் ஊமையாகின. பின்னாளில் வந்த மாடலான இன்டெல்லிஸ்டாரின் முதல் தலைமுறையும் அதற்கு அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றது. இன்று ஒரு பெட்டியை வாங்குவது வற்றிய கிணற்றுக்கு மோட்டார் வாங்குவது போலத்தான். மோட்டார் ஓடலாம், தண்ணீரை நீங்கள்தான் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். எனவே ஒவ்வொரு மாடலிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இதற்குத் தரவு ஊட்டுவது எவ்வளவு கடினம், அந்தச் சிரமத்துக்குத் திரையில் கிடைக்கிற பலன் என்ன?

முதல் மூன்று தலைமுறைகளும், 90களில் சிறிய கேபிள் நிறுவனங்களுக்காக வந்த மலிவான வெதர்ஸ்டார் ஜூனியரும் ஒரே வகைதான். வெறும் எழுத்துப் பெட்டிகள். ரேடார் கிடையாது, படம் கிடையாது, ஒற்றை நிறப் பின்னணியில் பெரிய எழுத்துகள் வரும், அவ்வளவுதான். முதல் மாடலில் ரேடியோ அலைக் கசிவுக்கான தடுப்பு சரியில்லாமல் பக்கத்தில் இருந்த கருவிகளுக்குத் தொல்லை வந்ததால், இரண்டாவது மாடலில் அதைச் சரிசெய்தார்கள். வரலாற்று ஆர்வலர்களுக்கு இவை பொக்கிஷம். ஆனால் தரவு ஊட்டும் வேலை இங்கேயும் கிட்டத்தட்ட 4000 அளவுக்கே இருக்கிறது. கிடைப்பதோ எழுத்து மட்டும். நினைவில் நிற்கிற நீலத் திரைக்காக வருகிறவர் ஜூனியரை வாங்கினால் ஏமாந்து போவார். விற்பவர்கள் சிலர் வெதர்ஸ்டார் என்று மட்டும் போட்டு மாடலைச் சொல்லாமல் விடுகிறார்கள். படத்தில் மாடல் பெயர் தெரியாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெதர்ஸ்டார் 4000 பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் பேசிக்கொண்டிருக்கும் அந்தத் திரை இதனுடையதுதான். 1990-ல் வந்தது, தயாரித்தது கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் இருந்த, பின்னாளில் அமிரிக்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனம். வரைபடமும் ரேடார் படமும் காட்டிய முதல் வெதர்ஸ்டார் இது. உள்ளே தனித்தனி போர்டுகளாகச் செருகிய தொழிற்சாலைத் தரக் கணினி. கேபிள் அறையின் அலமாரியில் இரவு பகல் ஓட வேண்டும் என்று கட்டப்பட்டதால், அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளை விட உழைப்பாளி. அதே அறைகளில் நிகழ்ச்சிப் பட்டியல் சேனலை ஓட்டியவை வீட்டுக்கென்று செய்யப்பட்ட அமிகா கணினிகள். அவை பழுதாகி, பிழைச் செய்தியை ஊரே பார்க்கும்படி திரையில் காட்டிய கதைகள் நிறைய உண்டு.

4000-இன் தற்போதைய நிலவரப் பக்கத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். இடது பாதியில் பெரிய எழுத்தில் வெப்பநிலை, அதற்குக் கீழே வானத்தின் நிலை, அடுத்து மேகமோ சூரியனோ அசைகிற ஒரு சிறு படம், அதன் கீழே காற்றின் திசையும் வேகமும். வலது பாதியில் ஊரின் பெயர் மஞ்சளில்; அதன் கீழே ஈரப்பதம், பனிநிலை, மேகக் கூரையின் உயரம், பார்வைத் தூரம், காற்றழுத்தம் என்று வரிசையாக. மேலே வலது மூலையில் கடிகாரம் விநாடி விநாடியாக நகரும். இத்தனை விஷயம் இருந்தும் திரை நெரிசலாகத் தெரியாது. அறையின் மறுகோடியில் நின்று சட்டையை மாட்டிக்கொண்டே படித்துவிடலாம். குறைந்த நிறங்கள், குறைந்த நினைவகம், 525 வரி அனலாக் திரை என்ற கட்டுப்பாடுகளுக்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து, எது எங்கே இருந்தால் கண் தேடாது என்று யோசித்து அமைத்திருக்கிறார். அடுத்து வந்த மாடல்கள் எல்லாவற்றையும் விட இதை நான் உயர்வாக மதிப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் வாங்குவதென்றால்? முப்பது வயது தாண்டிய பெட்டி. கண்டன்சர்கள் உலர்ந்திருக்கலாம், பவர் சப்ளை தள்ளாடலாம். இவை டிவி மெக்கானிக் அளவு அறிவு உள்ளவர் சரிசெய்யக்கூடியவை. அதன் பிறகுதான் உண்மையான வேலை. பெட்டி எதிர்பார்ப்பது காலி வரிகளில் தரவு ஏறிய அனலாக் சிக்னலை. ஒன்று, அப்படியொரு சிக்னலை நீங்களே உருவாக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்னலைப் பெறும் பகுதியைத் தாண்டி உள்ளே நேரடியாகத் தரவைச் செலுத்த வேண்டும். பொழுதுபோக்காக இதில் இறங்கிய சிலர் ஆண்டுக்கணக்கில் மென்பொருளைப் பிரித்துப் படித்து, தரவின் வடிவத்தைக் கண்டுபிடித்து, பெட்டியை மறுபடி பேசவைத்திருக்கிறார்கள். அவர்களின் உழைப்பால்தான் இன்று ஒருவர் இந்த முயற்சியை நினைத்துப் பார்க்கவே முடிகிறது. அந்தத் தேடலே உங்களுக்கு இன்பம் என்றால் 4000-க்கு நிகரான பெட்டி இல்லை. பெட்டியைச் செருகியதும் திரை வர வேண்டும் என்பவருக்கு இது ஆகாது.

இந்தியாவுக்கு வரவழைக்க நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கணக்கில் வைக்க வேண்டும். அமெரிக்க மின்சாரத்துக்கான பெட்டி என்பதால் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். இரண்டாவது, அது தருவது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி படம். நம் ஊர்ப் பழைய டிவிகள் 'பால்' (PAL) என்ற வேறு முறைக்கானவை. இரண்டையும் ஏற்கிற செட்டாக இல்லையென்றால் படம் உருளும், அல்லது நிறம் போய்க் கறுப்பு வெள்ளையில் நிற்கும்.

1998-ல் வந்த வெதர்ஸ்டார் எக்ஸ்எல் வேறு உலகம். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஓ2 கணினியை அடிப்படையாகக் கொண்டது, ஐரிக்ஸ் இயங்குதளத்தில் ஓடியது. ஒளி ஊடுருவும் பட்டைகள், வழவழப்பான அசைவுகள், உங்கள் ஊர் நிலவரத்தைப் பதிவுசெய்த குரலில் வாசிப்பது எல்லாம் இதன் காலத்தில் வந்தவை. அழகான இயந்திரம்தான். ஆனால் அந்த நிறுவனமே 2009-ல் திவாலாகி விற்கப்பட்டது. ஐரிக்ஸின் கடைசிப் பதிப்பு 2006-ல் வந்தது. உதிரி பாகம் தேடுவது ஒரு பாடு. அதைவிடப் பெரிய பாடு, இதன் உயிர் முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது. டிஸ்க் அழிந்திருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு வெற்று ஓ2 மட்டும். சிலிக்கான் கிராஃபிக்ஸ் இயந்திரங்களை ஏற்கெனவே சேகரிக்கிறவர் தவிர வேறு யாருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2003-இன் இன்டெல்லிஸ்டார், பழுதுபார்க்கிறவர் கண்ணோட்டத்தில் எல்லாவற்றையும் விட எளிது. உள்ளே இருப்பது சாதாரண பிசி பாகங்கள், மேலே ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம். பவர் சப்ளை போனால் மாற்றலாம், டிஸ்க்கை நகலெடுத்து வைக்கலாம். லினக்ஸ் கட்டளை வரியில் பழகியவருக்கு உள்ளே நுழைந்ததும் அந்நியமாகத் தோன்றாது. தரவு ஊட்டும் வேலையும் அனலாக் வரிகளோடு மல்லுக்கட்டுவதை விட இன்றைய புரோகிராமருக்குக் கைவருவது. நிஜப் பெட்டி வேண்டும், ஆனால் சால்டரிங் வேண்டாம் என்பவருக்கு இதுதான் நடைமுறைத் தேர்வு. ஒரே குறை, இது காட்டுவது 2000களின் திரை. உங்கள் நினைவு 1993-இல் இருந்தால் இது உங்களைத் தொடாது. வாங்கும் முன் டிஸ்க் உள்ளதா, அது பூட் ஆகிறதா என்று விற்பவரிடம் படம் கேளுங்கள். அதில் உள்ள மென்பொருளின் உரிமை இன்னமும் நிறுவனத்துடையது என்பதையும் மறக்க வேண்டாம். நகலை உங்கள் பெட்டியின் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்வது வேறு, ஊருக்கு விநியோகிப்பது வேறு.

இனி சிமுலேட்டர். வெதர்ஸ்டார் 4000 பிளஸ் என்ற பெயரில் திறந்த மூலத் திட்டம் ஒன்று இருக்கிறது. உலாவியிலேயே ஓடுகிறது, விரும்பினால் சொந்தக் கணினியில் டாக்கர் என்ற மென்பொருள் மூலம் நிறுவிக்கொள்ளலாம். அமெரிக்க ஊர் ஒன்றைக் கொடுத்தால், தேசிய வானிலைச் சேவை இலவசமாகத் தரும் தரவை எடுத்து, 4000-இன் பக்கங்களை ஒவ்வொன்றாக ஓட்டுகிறது. ரேடார் படம் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானிலைத் தரவுச் சேவையான மெசோநெட்டிலிருந்து வருகிறது. எந்தெந்தப் பக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம், திரை முழுக்க நிரப்பலாம், பழைய டிவியின் வரிகள் தெரியும்படி வைக்கலாம்.

சிமுலேட்டர் என்றால் போலி, பெட்டிதான் அசல் என்று சொல்பவர்களிடம் நான் ஒன்றைச் சொல்வேன். தொடக்க காலத்தில் வெதர்ஸ்டார் பெட்டிகளில் வந்த ஊர் முன்னறிவிப்பு, தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகங்கள் எழுதிய வாசகம்தான். சேனல் தன் சொந்த முன்னறிவிப்பைப் போடத் தொடங்கியது பின்னாளில். இன்றைய சிமுலேட்டர் எடுப்பதும் அதே சேவையின் முன்னறிவிப்பைத்தான். ஆகவே 90களின் தொடக்கத்தில் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த ஊற்று சிமுலேட்டரிலும் இருக்கிறது. தரவில்லாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பெட்டியை விட, இன்றைய மழையைச் சொல்லும் சிமுலேட்டர்தான் வெதர்ஸ்டார் செய்த வேலையைச் செய்கிறது.

குறைகளும் உண்டு. கடந்த நாளின் வானிலையைக் காட்டாது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைத் தாக்கிய இரவையோ, 1993 மார்ச்சில் கிழக்குக் கரை முழுவதையும் மூடிய பெரும்பனியையோ அந்தத் திரையில் பார்க்க வேண்டுமென்றால் பெட்டியும் உதவாது, சிமுலேட்டரும் உதவாது. யாரோ வீட்டில் விஎச்எஸ் டேப்பில் பதிவுசெய்து வைத்ததைத் தேடுவதுதான் வழி. இணையத்தில் அப்படி நிறைய ஏற்றியிருக்கிறார்கள். இன்னொன்று, மூலச் சிமுலேட்டர் அமெரிக்காவுக்கு மட்டும். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று போட்டால் வராது. ஓபன்-மீடியோ என்ற சேவையின் தரவைக் கொண்டு மற்ற நாடுகளுக்கும் காட்டும் கிளைத் திட்டம் ஒன்று இருக்கிறது. நம் ஊர்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். முன்னறிவிப்புப் பக்கங்கள் நன்றாகவே வருகின்றன. அமெரிக்கா முழுவதும் உள்ளது போன்ற பொதுப்பயன் ரேடார் தரவு இங்கே கிடைப்பதில்லை என்பதால் அந்தப் பக்கத்தில் அதே நிறைவை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்சிடி திரையில் அந்த எழுத்துகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகத் தெரிவது பலரின் மனக்குறை. இதற்கு நல்ல வழி இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் 3 அல்லது 4-ஆம் மாடலில் உள்ள ஏவி துளையிலிருந்து கம்பாசிட் (பழைய டிவிக்கான அனலாக்) வீடியோ எடுத்து, பிக்சர் டியூப் டிவி ஒன்றில் கொடுங்கள். அந்தக் கணினியின் அமைப்பில் என்டிஎஸ்சி, 'பால்' இரண்டில் உங்கள் டிவிக்கு எது தேவையோ அதை வைக்கலாம் என்பதால் மேலே சொன்ன தொல்லை இங்கே இல்லை. டியூப் டிவி படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டும். 4000-இன் பக்கங்கள் அப்படி வெட்டும் டிவிகளுக்காகவே ஓரம் விட்டு அமைக்கப்பட்டவை. அதே அமைப்பைச் சிமுலேட்டர் பின்பற்றுவதால் எழுத்து எதுவும் காணாமல் போகாது. ஏவி கேபிள் வாங்கும்போது கவனம்: பார்க்க ஒன்று போலவே இருக்கும் கேம்கோடர் கேபிள்கள் சிலவற்றில் எர்த்தும் வீடியோவும் இடம் மாறியிருக்கும். அதைச் செருகினால் படத்துக்குப் பதில் இரைச்சல்தான் வரும்.

இதை அமைத்த பிறகும் நிஜப் பெட்டி மேல் ஆசை தீரவில்லையென்றால், அப்போது 4000-ஐத் தேடுங்கள். அது வரும்போது எந்தப் பக்கம் எப்படி இருக்க வேண்டும், எந்தத் தரவு எங்கே போக வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படியாக இருக்கும். பெட்டி வந்ததும் முதல் வேலை, மின்சாரம் கொடுக்காமல் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு போர்டையும் இரு பக்கமும் படமெடுத்து, சிப்களில் உள்ள நிரலைப் படித்துச் சேமித்துவிடுவது. ஒரு சிப் கெட்டுப்போனால் அதற்கு மாற்று கடையில் கிடைக்காது. படித்து வைத்த கோப்பு இருந்தால் புதிய சிப்பில் எழுதிக்கொள்ளலாம்.